வேகம் என்ற கட்டத்தில் எழுதும் எண்

பத்மாவுக்கும் ஷீலாவுக்கும்,

நான் ஓய்வு பெறும் வயதில் இல்லை. பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள், சின்னவன் இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அதனால்தான் ஏழு வருஷம் உட்கார்ந்த நாற்காலியை உங்களிடம் விட்டுவிட்டுப் போகிறேன். உங்களுக்கு அனுபவம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று இரண்டு நாள் யோசித்தேன். தகுதியை எடை போடுவதுதானே இந்த நாற்காலியின் வேலை, என்னுடையதையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமே என்று தோன்றியது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பத்மா, தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று சொன்னாய். உனக்காகச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுகிறேன். புரியாத இடத்தில் ஷீலாவைக் கேட்டுக்கொள்.

நம் வேலையை வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள். டில்லி கனாட் பிளேஸின் பின்சந்தில் ஒரு மாடி அறை, இரண்டு டைப்ரைட்டர், ஒரு போன். ஆள் தேடும் கம்பெனிக்கும் வேலை தேடும் ஆளுக்கும் நடுவில் நாம். வருகிறவர் மஞ்சள் படிவத்தை நிரப்புவார், நாம் பரீட்சை வைப்போம், தாளில் ஓர் எண் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

வருகிற முக்கால்வாசிப் பேர் தங்களைப் பற்றி ஒரு படி கூடுதலாகவே எழுதுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதுவதில்லை, இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ., பெயில்’ என்று பட்டம் போல எழுதுகிறவர் வருவார். அவரைப் பொறுத்தவரை மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனது பெயிலானதால் இல்லாமல் போய்விடாது. ‘ஹிந்தி சரளமாகப் பேசுவேன்’ என்று எழுதிய ஒரு மதுரைக்காரர் நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் “அச்சா” என்றார். உங்கள் பெயர் என்ன என்று ஹிந்தியில் கேட்டேன். அதற்கும் “அச்சா”தான். டைப்பிங் தெரியும் என்று எழுதிய ஒரு அம்மாள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, “இதில் ‘ஏ’ எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இவர்களெல்லாம் நமக்குக் கஷ்டமே இல்லை. ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தெரியாமல் போகிறவர் ஒருவர் வருவார். எனக்கு வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் இங்கே சேர்ந்த முதல் வருஷம் அது. கல்யாணத்துக்கு முன்னால் மன்னார்குடியில் சுருக்கெழுத்துப் படித்தேன். டில்லிக்கு வந்தபின் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். பெரியவள் பிறந்தபோது விட்டுவிட்டேன். அவளுக்கு இரண்டு வயது முடிந்ததும் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பின்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியிடம் அவளை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தேன். விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறேனே தவிர, காலையில் அந்த வாசல்படி இறங்கும்போதெல்லாம் செய்வது சரிதானா என்று ஒருமுறை நின்றுவிட்டுத்தான் இறங்குவேன்.

பரீட்சை வைக்க எனக்கு ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. ஊர்ப்பக்கத்து இன்ஸ்டிடியூட்டுகளில் எல்லாரும் படிக்கும் பழைய பரீட்சைத்தாள் தொகுப்பை வரவழைத்தேன். முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அதை வைத்துப் பரீட்சை செய்தால் டில்லிக்காரர்கள் தடுமாறுவார்கள், நம் ஊர்க்காரர்கள் பறப்பார்கள். “மேடம், உங்க மதராஸி ஆளுங்க ஜாதூகர்” என்பார் முதலாளி. மந்திரவாதிகளாம். எனக்கும் தலை கொஞ்சம் நிமிரும்.

ஒரு நாள் ராமலிங்கம் சார் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். மன்னார்குடிப் பக்கம்தான். பத்து வருஷம் அங்கே நான் படிக்காத வேறொரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்து வாத்தியாராக இருந்தவர். அவரிடம் படித்தவர்களில் எட்டுப் பேர் டில்லியில் அதிகாரிகளுக்குப் பெர்சனல் அசிஸ்டென்ட்டாக, அதாவது பி.ஏ.வாக இருக்கிறார்கள். அதில் குமார் என்ற ஒருவருடைய அறையில் தங்கியிருந்தார். சொல்லிக்கொடுத்த எனக்கு ஊரில் நூற்றைம்பது ரூபாய், கற்றுக்கொண்டவனுக்கு இங்கே அறுநூறு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இன்ஸ்டிடியூட்டை விட்டாயிற்று, அவர் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில், வேலை கிடைத்துவிட்டது என்று இவர் எழுதிப் போடுவதற்காகக் காத்திருந்தார்கள்.

படிவத்தில் வேகம் என்ற கட்டத்தில், நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தை என்ற கணக்கில், ‘120’ என்று முத்து முத்தாக எழுதினார். “டெஸ்ட் அவசியமாம்மா?” என்று கேட்டார். “எல்லாருக்கும் உண்டு சார்” என்றேன். வாத்தியாருக்குப் பரீட்சை வைப்பது எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

அன்று காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. சிரப் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அளவு சரியாகக் கொடுத்தேனா என்று மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. புத்தகத்தைப் பிரித்து விவசாயக் கடன் பற்றிய ஒரு பாகத்தை வாசித்தேன். நூற்றிருபது வேகம். அவர் பென்சில் ஓடியது. ஓரிடத்தில் வரி தவறி இரண்டு நொடி நின்றேன். அவர் பென்சில் நிற்கவில்லை. நான் இன்னும் சொல்லாத வார்த்தையை எழுதி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். என்ன அனுபவம், வாக்கியம் போகும் திசையை முன்பே பிடித்துவிடுகிறாரே என்று வியந்தேன். சந்தேகம் வந்த இடத்தில் வியப்பைப் போட்டு மூடிவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. நூற்றிருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஓக்லாவில் தண்ணீர் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி எங்களுடைய பெரிய வாடிக்கை. அங்கே டைரக்டருக்கு ஸ்டெனோ வேண்டியிருந்தது. மறுநாளே ராமலிங்கம் சாரை அனுப்பிவைத்தோம். அன்று சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மைசூர்பாகு வாங்கி எட்டு மாணவர்களுக்கும் கொடுத்தாராம். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஓக்லாவிலிருந்து போன் வந்தது. முதலாளி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கேட்டது. மூன்று மணிக்குள் ஒரு டெண்டரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட வேண்டும். டைரக்டர் ஆறு பக்கம் சொல்லியிருக்கிறார். நாங்கள் அனுப்பிய ராமலிங்கம் சார் பாதியில் பென்சிலை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பதினொன்றரைக்குள் வேறு ஸ்டெனோ வராவிட்டால் இனி அந்த வாசல் பக்கம் எங்கள் பெயரே வேண்டாமாம்.

முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஜல்தி, சீக்கிரம் சொல்லுங்க மேடம், கையில யார் இருக்காங்க?”

யாரும் இல்லை. நல்ல ஸ்டெனோ என்றால் காலை பத்தரைக்கு ஏதோ ஒரு ஆபீஸில் எழுதிக்கொண்டிருப்பார்.

“நான் போறேன்” என்றேன்.

“உங்களுக்கு வருமா?”

வாயைத் திறந்தேன். என் பழைய சான்றிதழில் நூறு என்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போனேன். “வரும்னு நினைக்கறேன்” என்று மட்டும் வந்தது.

டில்லியில் ஆட்டோவை ஸ்கூட்டர் என்றுதானே சொல்கிறோம், அதில் ஓக்லா போகும் வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்து முழங்கால்மேல் விரலால் சுருக்கெழுத்து எழுதிப் பார்த்தேன். மூன்று வருஷமாகத் தொடாத கை. பாதிக் கோடுகள் உடனே வந்தன, பாதி யோசித்த பிறகுதான் வந்தன. நூறு என்பது அந்தச் சான்றிதழ் எழுதப்பட்ட நாளின் வேகம். இன்றைக்கு என்ன? எண்பது இருக்கலாம். அதற்கு மேல் ஒன்று சொன்னாலும் நானும் மஞ்சள் படிவத்தை நிரப்புகிற ஆள்தான்.

உள்ளே போனபோது ராமலிங்கம் சார் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல உட்கார்ந்துவிட்டார். டைரக்டர் பெரிய மீசைக்காரர். “இன்னொரு நூற்றிருபதா?” என்று ஹிந்தியில் கேட்டார்.

“எண்பது சார்” என்றேன். “மூணு வருஷமா எழுதலை. எண்பதைத் தாண்டிப் போனீங்கன்னா கையைத் தூக்குவேன். நீங்க நிறுத்தணும்.”

திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “டீக் ஹை”, சரி என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

அவருடைய இங்கிலீஷ் நம் புத்தக இங்கிலீஷ் இல்லை. பாதி வாக்கியம் சொல்லுவார், அழிக்கச் சொல்லுவார், நடுவில் வால்வு பற்றி ஹிந்தியில் இஞ்சினீயரிடம் கேட்பார், திரும்பி வந்து வேறு இடத்தில் தொடங்குவார். நான்கு தடவை கையைத் தூக்கினேன். நான்கு தடவையும் நிறுத்தினார். ஐந்தாவது தடவை நான் தூக்குவதற்கு முன்பே அவராகக் குறைத்துக்கொண்டார்.

முடிந்தபோது மணி ஒன்றாக இன்னும் பத்து நிமிஷம். எழுதியாயிற்று, இனி டைப் அடிக்க வேண்டும். ஆறு பக்கம், நான்கு கார்பன் பிரதி, அடித்தல் திருத்தல் கூடாது. என் விரல்களை எனக்குத் தெரியும்.

சுவரோரம் பார்த்தேன். “சார், நான் படிக்கறேன். நீங்க அடிப்பீங்களா?”

“என்னையா கேக்கறீங்க?”

“வேற யாரு சார் இருக்கா?”

அவர் வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். காகிதத்தையும் கார்பனையும் தட்டிச் சமன் செய்து ஒரே தடவையில் உருட்டி ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த அறையில் கேட்டது மழை போல ஒரே சத்தம். நான் வாசிக்க அவர் அடித்தார். ஒரு இடத்தில் நான் தப்பாகப் படித்த எண்ணைக்கூட, “இது மேல இருக்கற கூட்டுத்தொகையோட ஒத்துவரலையே, பாருங்க” என்று நிறுத்திச் சரிசெய்தார். இரண்டு மணி அடித்தபோது டெண்டர் உறையில் இருந்தது. ஒரு அழித்தல்கூட இல்லை.

டைரக்டர் கார்பன் பிரதியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “நீங்க எண்பதுன்னு சொன்னீங்க. எண்பதுதான். ஆனா இவரை நூற்றிருபதுன்னு எழுதி அனுப்பினதும் உங்க ஆபீஸ்தான். நான் எதை நம்பறது?”

ராமலிங்கம் சார் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை நான் பூட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் மாடிப்படியில் நின்றிருந்தார். சண்டை போடத்தான் வந்திருந்தார்.

“அந்த ஆள் பேசறது இங்கிலீஷே இல்லம்மா. நான் உங்க டெஸ்ட்ல ஒரு தப்பு பண்ணினேனா, சொல்லுங்க.”

“பண்ணலை சார்.” உட்காரச் சொன்னேன். “அன்னிக்கு நான் வாசிச்ச பாகம், அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“விவசாயக் கடன்தானே?” என்றவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். கமாகூட விடவில்லை. “அறுபத்தெட்டாம் பக்கம். வாரத்துக்கு ரெண்டு தடவை, பத்து வருஷமா வாசிக்கறேன். தெரியுமான்னு கேக்கறீங்களே.”

“அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்.”

“நீங்க கேக்கலையே. டெஸ்ட்னா அந்தப் புஸ்தகம்தானேம்மா?” அவர் முகத்தில் திருட்டுத்தனம் துளியும் இல்லை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஏமாற்றவில்லை. சுருக்கெழுத்து என்றால் அந்தப் புத்தகம்தான் என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் அவருக்கு மனப்பாடமானதையே வாசித்துவிட்டு, நம் ஆட்களைப் போல உண்டா என்று பெருமைப்பட்டிருக்கிறேன். தன்னை அதிகமாக மதிப்பிட்டவர் அவர் மட்டுமில்லை. என் பரீட்சையை நான் அதைவிட அதிகமாக மதிப்பிட்டிருந்தேன்.

“தப்பு என்னோடதுதான் சார்” என்றேன். “தெரியாத ஒண்ணை இப்ப வாசிக்கறேன். எழுதிப் பாக்கலாமா?”

அவர் எழுந்துவிட்டார். “என்கிட்ட படிச்ச எட்டுப் பேர் இந்த ஊர்ல பி.ஏ.வா இருக்கான். நான் இன்னொரு தடவை டெஸ்ட் எழுதறதா? ஊருக்கே போயிடறேன்.”

போய்விட்டார். ஊரில் அவருக்கு நாற்காலி இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் போட்ட ஒரு கையெழுத்தை நம்பி மனைவிக்குக் கடிதம் எழுதிவிட்டார் என்பதும் தெரியும். அன்று மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழைய புத்தகத்தை அலமாரியின் அடியில் வைத்தேன். அடுத்த நாளிலிருந்து அன்றன்றைய செய்தித்தாளிலிருந்துதான் பரீட்சை. நிறுத்தி, அழிக்கச் சொல்லி, திரும்பத் தொடங்கி, டைரக்டர்கள் பேசுவது போலவே வாசிப்பேன். இன்றுவரை நாம் அப்படித்தான் செய்கிறோம். ஏன் என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்.

நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். கோபம் இல்லை, குரலும் தாழ்ந்திருந்தது.

“குமாரைப் பேப்பர் வாசிக்கச் சொன்னேம்மா. அவன் மெதுவா வாசிக்கறான். வேகமா வாசிடான்னா, சரி சார்னு சொல்லிட்டு மறுபடியும் மெதுவாத்தான் வாசிக்கறான்.” பென்சிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். “எனக்காக மெதுவா வாசிக்கறான். அதைத்தான் தாங்க முடியலை. நீங்க வாசிங்க.”

அன்றைய தாளிலிருந்து யமுனைப் பாலம் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன். எழுதினார், படித்துக் காட்டினார், நான் எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.

“எவ்வளவு?”

“எழுபத்திரண்டு சார்.”

“எழுபத்திரண்டா.” மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எண்பதுன்னு போட்டா என்னம்மா? எட்டு வார்த்தைதானே. ஒரு வாரத்துல வந்துடும் எனக்கு.”

பத்மா, ஷீலா, இந்த வேலையின் கஷ்டமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எண்பதுக்கு வேலை உண்டு, எழுபத்திரண்டுக்கு அனேகமாக இல்லை. அவர் வயதில் பெரியவர், என் ஊர்க்காரர், என் தவறால் தெருவில் நிற்கிறார். ஒரு வாரத்தில் எண்பது வரும் என்பதும் நிஜமாகவே இருக்கலாம். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு 72 என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். “சரி” என்றார். “டைப்பிங்ல மட்டும் குறைச்சிடாதீங்க. அது நிஜம்.”

டைப்பிங் கட்டத்தில் 65 என்று எழுதினேன். அதையும் வைத்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

முதலாளி தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “மேடம், எழுபத்திரண்டை எந்தப் புத்திசாலி எடுப்பான்? யாரும் கேக்க மாட்டாங்க, நூறுன்னு போடுங்க.” அவர் எதிரிலேயே போனை எடுத்து ஓக்லாவுக்குச் சுற்றினேன். முதல் தடவை தப்பான எண்ணுக்குப் போயிற்று. மறுபடி சுற்றினேன்.

டைரக்டரே எடுத்தார். டெண்டர் கிடைத்துவிட்டது என்று எடுத்தவுடன் சொன்னார். நான் விஷயத்துக்கு வந்தேன். அன்று டெண்டரை டைப் அடித்தவரைப் பற்றிப் பேசுகிறேன், முன்பு நான் எழுதிக் கொடுத்த நூற்றிருபது தவறு, தவறு என் பரீட்சையில், இப்போது புதிதாக வைத்துப் பார்த்தேன், சுருக்கெழுத்து எழுபத்திரண்டு, டைப்பிங் அறுபத்தைந்து என்றேன்.

ராமலிங்கம் சார் கதவருகே நின்றுகொண்டு, கேட்காதவர் போல நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நம்பர் யார் போட்டது?” என்று கேட்டார் டைரக்டர்.

“நான்தான் சார்.”

“அந்த எண்பது மேடமா?”

“ஆமாம் சார்.”

“அப்ப சரி. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லுங்க.”

போனை வைத்தேன். முதலாளி எண்ணை மாற்றச் சொல்லாமல் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இந்த ஏழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

ராமலிங்கம் சார் இரண்டடி முன்னால் வந்தார். “என்ன சொன்னார்?”

“திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார் சார்.”

“ஸ்டெனோவாவா, டைப்பிஸ்ட்டாவா?”

“அதெல்லாம் அவர் கேக்கலை சார்” என்றேன். “எழுபத்திரண்டாவே வரச் சொன்னார்.”